டயபர் ராஷுக்கு ஜிங்க் ஆக்சைடு: எது, எவ்வளவு, எப்படி

கேள்வி

கைக்குழந்தைக்குப் பின்புறம் சிவந்திருக்கிறது. டயபர் உரசும் மேடான இடங்களில்தான் சிவப்பு, தொடையிடுக்கில் இல்லை. ஜிங்க் ஆக்சைடு களிம்பு 10%, 20%, 40% என்று மூன்று விதமாகக் கிடைக்கிறது. எதை எடுப்பது? ஏற்கெனவே போட்டுப் பார்த்தவர்கள், இதே வேலையில் இருப்பவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

மருந்தாளுநர்

சதவீதத்துக்கு முன்னால், ஜிங்க் ஆக்சைடு தூள் எதில் குழைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஜிங்க் ஆக்சைடு தண்ணீரில் கரையாது. தோலின் மேலேயே நின்று சிறுநீரும் மலமும் தோலைத் தொடாமல் தடுப்பதுதான் அதன் முதல் வேலை. அந்தத் தடுப்பு நிற்குமா, இரண்டு மணி நேரத்தில் டயபரோடு போய்விடுமா என்பதை, குழைத்திருக்கும் அடிப்பொருள்தான் தீர்மானிக்கிறது.

உட்பொருள் பட்டியலில் முதலில் தண்ணீர் அல்லது 'அக்வா' என்று இருந்தால் அது க்ரீம். தடவ லேசாக இருக்கும், அதே லேசில் துடைத்துக்கொண்டும் போகும். தண்ணீர் இருப்பதால் கெடாமலிருக்க ஏதாவது சேர்த்தாக வேண்டும், சில குழந்தைகளுக்கு அதுவே எரிச்சல் தரும். பெட்ரோலேட்டம் (பெட்ரோலியம் ஜெல்லி) அல்லது பாராஃபின் முதலில் வந்தால் அது ஆயின்ட்மென்ட், தண்ணீரை அண்டவிடாது. பேஸ்ட் என்பது தூள் மிக அதிகமாகச் சேர்ந்த கெட்டிக் குழம்பு: ஜிங்க் ஆக்சைடு 25, ஸ்டார்ச் 25, வெள்ளைப் பெட்ரோலேட்டம் 50 சதவீதம் என்பது பழைய, இன்றும் நிற்கிற அளவு. இடத்தை விட்டு அசையாது.

சிவக்காத தோலுக்கு, இரவில் முன்னெச்சரிக்கையாகப் போட, 10 முதல் 15% போதும். சிவந்துவிட்டால் 20%க்குக் குறையாத ஆயின்ட்மென்ட். வயிற்றுப்போக்கின்போது, அல்லது மேல்தோல் உரிய ஆரம்பித்தால் 40%. ஒன்றுமில்லாத தோலில் தினமும் 40% போடுவதால் கூடுதல் லாபம் கிடையாது. துடைத்தெடுப்பது கஷ்டம், அந்தத் தேய்ப்பில் தோல்தான் கெடும்.

வாசனை சேர்த்தது, கற்பூரம், ஃபீனால், போரிக் அமிலம், பென்சோகெயின், சாலிசிலிக் அமிலம் உள்ளது எதுவும் வேண்டாம். பழைய ஜிங்க் பேஸ்ட் ஒன்றில் 2% சாலிசிலிக் அமிலம் உண்டு. அது பெரியவர்களுக்கானது, பெயர் ஒன்றுபோல இருப்பதால் ஏமாந்துவிடாதீர்கள்.

குழந்தைகள் பிரிவுச் செவிலியர்

எந்த ட்யூப் என்பதைவிட எவ்வளவு தடவுகிறார்கள் என்பதில்தான் தப்பு நடக்கிறது. பட்டாணி அளவு எடுத்து, முகத்துக்குப் பூசுவதுபோல மறையும்வரை தேய்த்துவிட்டு, 'இது கேட்கவே இல்லை' என்கிறார்கள். தோல் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டிய க்ரீம் இல்லை இது. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி, கீழே இருக்கும் சிவப்பு தெரியக் கூடாது.

கணக்குப் போட்டால் புரியும். ஒரு பக்கத்தில் 5 செ.மீ.க்கு 5 செ.மீ. சிவந்திருக்கிறது, 1 மி.மீ. தடிமனில் பூசுகிறோம் என்றால் 2.5 மி.லி. வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து 5 மி.லி., அதாவது ஒரு டீஸ்பூன். கெட்டி ஆயின்ட்மென்ட் என்றால் 6 கிராமுக்கு மேல் வரும். 20 கிராம் ட்யூப் மூன்று முழுப் பூச்சுக்குத்தான் காணும். அதனால் ராஷ் இருக்கும்போது பெரிய ட்யூபாக வாங்குங்கள், சிக்கனம் பிடிக்க மனசு வராது.

போடும் விதம்: கை கழுவி, வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். பிறகு 5 முதல் 10 நிமிடம் காற்றாட விடுங்கள். ஈரத்தின் மேல் பூசினால் ஒட்டாமல் வழுக்கும், ஈரமும் உள்ளேயே அடைபடும். தோல் காய்ந்த பிறகு பூசி, அதன் மேல் பெட்ரோலியம் ஜெல்லி ஒரு மெல்லிய கோட். அப்போதுதான் ஜிங்க் டயபரில் ஒட்டிக்கொண்டு வராது.

அடுத்த தடவை டயபர் மாற்றும்போது வெள்ளை மிச்சம் இருந்தால் அப்படியே விடுங்கள். மலம் பட்ட மேல் படலத்தை மட்டும் வழித்துவிட்டு, குறைந்த இடத்தில் புதிதாக வையுங்கள். சுத்தமாக எடுத்தே ஆகவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சுரண்டினால், ஆறிவரும் தோலை நாமே கிழிக்கிறோம். நாளுக்கு ஒருமுறை, குளிக்கும் முன், பேபி ஆயில் தொட்ட பஞ்சை வைத்து ஊறவிட்டால் தானாக இளகி வரும். சோப்பும் தண்ணீரும் இதற்கு உதவாது, எண்ணெய்க்குத்தான் எண்ணெய் விடும்.

இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை டயபர் மாற்ற வேண்டும், மலம் போனால் உடனே. களிம்பு பூசியிருக்கிறதே என்று நேரத்தை நீட்டாதீர்கள்.

துணி டயபர் பயன்படுத்தும் தாய்

துணியில் இந்தக் களிம்பு பட்டால் சாதாரணத் துவையலில் போகாது. துணி உறிஞ்சுவது குறைந்து, ஈரம் தோலிலேயே நின்று, ராஷ் கூடும். உள்ளே ஒரு லைனர் அல்லது பழைய பருத்தித் துணித் துண்டு போட்டால் போதும். கறை பட்ட இடத்தில், துவைக்கும் முன் பாத்திரம் கழுவும் திரவத்தை விட்டு, வெந்நீரில் கசக்க வேண்டும்.

ஜாடியா ட்யூபா என்றால் ட்யூப்தான். மலம் துடைத்த விரல் ஜாடிக்குள் போனால் அடுத்த முறை அதே கிருமியைத்தான் பூசுகிறோம். ட்யூபின் வாயும் தோலில் படக் கூடாது.

குழந்தை மருத்துவர்

ஏன் சிவக்கிறது என்பது தெரிந்தால் களிம்பின் எல்லையும் தெரியும். ஈரத்தில் ஊறிய தோல் உரசலைத் தாங்காது. மலத்திலுள்ள கிருமிகள் சிறுநீரின் யூரியாவைச் சிதைத்து அம்மோனியா ஆக்குகின்றன, தோலின் அமிலத்தன்மை குறைகிறது, அந்த நிலையில் மலத்திலுள்ள புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கும் நொதிகள் தோலைத் தாக்குகின்றன. இந்த வகையில் மேடான இடம் சிவக்கும், மடிப்பு தப்பிவிடும். கேள்வியில் சொல்லியிருப்பது இதுதான். 20 அல்லது 40% ஆயின்ட்மென்ட்டும் அடிக்கடி மாற்றும் டயபரும் இருந்தால் 2, 3 நாளில் நிறம் இறங்க வேண்டும்.

இறங்கவில்லையா, மடிப்புக்குள் பாருங்கள். அங்கே அடர்சிவப்பு, ஓரத்தைத் தாண்டிச் சின்னச்சின்னச் சிவப்புப் புள்ளிகள் சிதறியிருந்தால் அது கேண்டிடா பூஞ்சை. ஆன்டிபயாட்டிக் கொடுத்த பிறகு அதிகம் வரும். ஜிங்க் மட்டும் போட்டால் நிற்காது. மருத்துவர் எழுதித் தரும் க்ளோட்ரிமசோல், மைகோனசோல் அல்லது நிஸ்டாட்டின் மெல்லியதாக முதலில், ஜிங்க் அதன் மேல். வரிசை மாறினால் பூஞ்சை மருந்து தோலைச் சேராது.

ஆசனவாயைச் சுற்றி மட்டும் கோடு போட்டதுபோலச் சிவந்து, மலம் போகும்போது அழுதால் அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் தொற்றாக இருக்கலாம், அதற்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும். வாயைச் சுற்றியும் கைகால்களிலும் அதே மாதிரிப் புண், விடாத வயிற்றுப்போக்கு என்றால் உடம்பில் துத்தநாகமே (ஜிங்க்) குறைந்திருக்கலாம். தோலில் பூசும் ஜிங்க் அந்தக் குறையை நிரப்பாது, வாய்வழியாகத்தான் தர வேண்டும். கொப்புளம், சீழ், ரத்தம், காய்ச்சல் எது இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு நேரில் காட்டுங்கள். பிறந்து சில வாரமே ஆன குழந்தை என்றால் இன்னும் சீக்கிரம்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்த ட்யூபைப் பெரியவர்கள் படர்தாமரைக்கு வாங்கி வைத்திருப்பார்கள். அதைக் குழந்தைக்குப் போடாதீர்கள். டயபர் மூடியிருக்கும் தோல் ஸ்டீராய்டைப் பல மடங்கு உறிஞ்சும், தோல் மெலியும், மருந்து உடம்புக்குள்ளும் போகும். முதல் நாள் சிவப்பு மறைவதால் நல்ல மருந்து என்று நம்பிவிடுகிறார்கள், அதுதான் ஆபத்து.

மருந்தாளுநர்

இன்னும் சில விஷயம். காலமைன் லோஷனிலும் ஜிங்க் ஆக்சைடு இருக்கிறதே என்று கேட்பார்கள். லோஷனின் தண்ணீர் ஆவியானதும் காய்ந்த தூள்தான் மிஞ்சும், அது ஈரத்தைத் தடுக்காது. சில காலமைன்களில் ஃபீனாலும் உண்டு. களிம்பின் மேல் டால்கம் பவுடர் தூவுவதும் வேண்டாம், குழந்தை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்குக் கெடுதல்.

புது ட்யூப் என்றால் முன்கையின் உட்புறத்தில் கொஞ்சம் பூசி 24 மணி நேரம் பாருங்கள். லானோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) சேர்ந்ததில் எப்போதாவது ஒவ்வாமை வரும். குழந்தை களிம்பை ஒரு விரல் நக்கிவிட்டால் பயப்பட வேண்டியதில்லை, அதிகம் விழுங்கினால் வாந்தி வரும். அப்போது ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், உட்பொருள் பட்டியலை அவர் பார்க்க வேண்டியிருக்கும்.