ஒருக்காப் பார்த்தால் அழிஞ்சிடுமாம்

திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் ஓஎல் பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக் கொடுக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்தும் ஒரு பிள்ளை எழும்பவில்லை. சைக்கிள் திறப்பைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஒருக்காப் பார்த்தால் அழிஞ்சிடும் எண்டு சொன்னவன் ரீச்சர்."

வட்ஸ்அப்பில் ஒருக்கா மட்டும் பார்க்கும்படி படம் அனுப்பும் வசதியைத்தான் சொன்னாள். அதை நம்பித் தன் அந்தரங்கப் படமொன்றை ஒரு பெடியனுக்கு அனுப்பியிருக்கிறாள். அந்த வசதி ஸ்கிரீன்சொட் எடுக்க விடாது, உண்மை. இன்னொரு போனை மேலே பிடித்துப் படமெடுத்தால் எது தடுக்கும்? அவன் அதைத்தான் செய்திருந்தான். இன்னும் படம் தராவிட்டால் அண்ணனுக்கு அனுப்புவேன் என்று மிரட்டல் வேறு.

எனக்கு என் மேல்தான் கோபம் வந்தது. முந்தின மாதம்தான் வகுப்பில், படம் அனுப்புகிற பிள்ளைகள் குடும்ப மரியாதையைக் கெடுப்பவர்கள் என்று பொரிந்து தள்ளியிருந்தேன். அதைக் கேட்டபிறகு யார் என்னிடம் வருவார்கள்? மூன்று கிழமை வாயே திறக்காமல் இருந்திருக்கிறாள்.

"படத்தைக் காட்டவா ரீச்சர்?" என்றாள். வேண்டாம் என்றேன். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் அப்படிப்பட்ட படத்தை ஒருவர் வைத்திருப்பதே தண்டனைச் சட்டக்கோவை 286அ பிரிவின்படி குற்றம். உதவி செய்யப் போகிறவர் கையிலும் அது சுற்றக் கூடாது. ஆத்திரத்தில் சாட் முழுவதையும் அழிக்கப் போனாள், கையைப் பிடித்துக்கொண்டேன். மிரட்டிய செய்திகளைத் திகதியும் நம்பரும் தெரிய ஸ்கிரீன்சொட் எடுத்தபிறகுதான் அவனை புளொக் செய்யச் சொன்னேன்.

"அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ." சரி, முதலில் அம்மாவிடம் போவோம், நானும் பக்கத்தில் இருக்கிறேன் என்றேன். அம்மா அழுதார், அடிக்கவில்லை. அவரே 1929க்கு எடுத்தார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம் அது, 24 மணி நேரமும் எடுக்கலாம். டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவையிலும் பதிந்தோம். படம் போனை விட்டு வெளியே போகாது, அதன் அடையாளக் குறி மட்டும்தான் போகும். பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் அந்தப் படத்தை யாராவது போட்டால் கண்டுபிடிக்க அது உதவும். வட்ஸ்அப்புக்குள் நடப்பதை அதனால் பிடிக்க முடியாது, அதையும் அவளுக்கு மறைக்காமல் சொன்னேன்.

இப்போது வகுப்பில் நான் பிரசங்கம் வைப்பதில்லை. கோட்டைக்குள் நிற்கும் மானின் படமொன்றை, ஒருக்கா மட்டும் பார்க்கும்படி முன்வரிசைப் பிள்ளை ஒன்றுக்கு அனுப்புவேன். "இதை அடுத்தவருக்குக் கொடுக்க ஏலுமா, பார்ப்போம்" என்பேன். போன கிழமை ஐந்து நிமிடத்துக்குள் மான் கடைசி வாங்கு வரை போய்விட்டது. அங்கே இருந்த பெடியன் அதற்குக் கண்ணாடியும் போட்டுவிட்டிருந்தான்.