சோப்தா – துங்கநாத்: மோனல், கஸ்தூரி மான் கண்ணில் படுமா?

கோவை மைனா:
ஏப்ரல் கடைசியில் அப்பாவோடு உத்தராகண்டில் சோப்தா போகிறேன். இரண்டு இரவு தங்கல். அப்பாவுக்கு 64 வயது, முட்டி வலி உண்டு. மோனல் பறவையைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. அதற்கு துங்கநாத்துக்கு மேலே இருக்கும் சந்திரசிலா உச்சி வரை ஏறியாக வேண்டுமா? கஸ்தூரி மானும் தென்படுமா?

புல்மேடு:
மூன்று முறை போயிருக்கிறேன். உச்சி தேவையே இல்லை. சோப்தா சுமார் 2,700 மீட்டர், துங்கநாத் கோயில் 3,680 மீட்டர். இடையில் மரங்கள் குட்டையாகி, காடு முடிந்து, புல்வெளி ஆரம்பிக்கும். அந்தப் புல்வெளியை அங்கே புக்யால் என்பார்கள். காடும் புக்யாலும் சேரும் அந்த ஓரத்தில்தான் மோனல் இருக்கும். வெளிச்சம் வந்ததும் புதரை விட்டு இறங்கி, வளைந்த அலகால் மண்ணைத் தோண்டிக் கிழங்கு, புழு தேடும்.

முதல் முறை எல்லோரையும் போல இருட்டிலேயே டார்ச் அடித்துக்கொண்டு உச்சிக்குப் போய்விட்டேன். சூரியோதயம் கிடைத்தது, பறவை கிடைக்கவில்லை. அடுத்த முறை பாதையோரக் கல் ஒன்றில் ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தேன். கீழேயிருந்து ஒரு மோனல் சேவல் மேய்ந்துகொண்டே வந்தது. பச்சை, செம்பு, ஊதா என்று திரும்பத் திரும்ப நிறம் மாறியது. யாரோ பாட்டுப் போட்டபடி ஏறி வரவும் விசிலடித்துக்கொண்டு பள்ளத்தில் பாய்ந்தது. அப்போதுதான் அதன் முதுகில் இருக்கும் வெள்ளையைப் பார்த்தேன். அப்பாவை அப்படி ஓர் இடத்தில் உட்கார வையுங்கள், முட்டிக்கும் நல்லது.

பாறை இடுக்குகளையும் கவனியுங்கள். வாலில்லாத எலி போல ஒன்று ஓடும். அது பைக்கா, முயலுக்கு உறவு. அவ்வளவு பனியிலும் குளிர்காலம் முழுக்க உறங்காமல் விழித்திருக்கும் உயிர்.

கஸ்தூரி மானை எதிர்பார்க்க வேண்டாம். 1972ல் இந்தப் பகுதியில் கேதார்நாத் சரணாலயம் அமைந்ததே முக்கியமாக அதைக் காக்கத்தான். கொம்பு கிடையாது, கிடாவுக்குக் கோரைப்பல் வெளியே நீண்டிருக்கும். தனியாகத் திரியும், அந்தி சாய்ந்த பிறகுதான் மேய வரும். கஸ்தூரிப் பை கிடாவுக்கு மட்டும்தான் உண்டு. ஆனால் வேட்டைக்காரர்கள் வைக்கும் கண்ணியில் பெட்டையும் குட்டியும் சேர்ந்தே சாகின்றன. இதை நினைத்தாலே எனக்கு மனசு ஆறாது. மூன்றாவது பயணத்தில் வழிகாட்டி ஒரு புழுக்கைக் குவியலைக் காட்டினார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடுமாம். நான் பார்த்தது அவ்வளவுதான், அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

குன்னூர் வாசி:
இன்னொன்று. நீங்கள் போகும்போது காட்டில் புரான்ஸ் (ரோடோடென்ட்ரான்) மரம் சிவப்பாகப் பூத்திருக்கும். நம் நீலகிரிச் சோலையோரம் நிற்கும் காட்டுப் பூவரசும் அதே இனம்தான், உள்வகை மட்டும் வேறு. நடுவில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் சமவெளி! அப்புறம், புக்யாலில் இரவுக் கூடாரம் போடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2018ல் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் அதைத் தடை செய்தது. பெயர்ந்த புல் அந்தக் குளிரில் மறுபடி பிடிக்கப் பல வருடம் ஆகும்.

கோவை மைனா:
ரொம்ப நன்றி அண்ணா, இருவருக்கும். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஒன்றரை மணி நேரம் என்ன, மூன்று மணி நேரம்கூட உட்காருவேன் என்கிறார். ஏப்ரல் கடைசியில் அந்த ஓரம் வரை பாதையில் பனி இருக்குமா?

புல்மேடு:
சில வருடம் இருக்கும். பிடிமானம் உள்ள ஷூவும் ஒரு கைத்தடியும் எடுத்துக்கொள்ளுங்கள். பனி அதிகம் என்றால் மேலே ஏற வேண்டாம், காட்டுக்குள்ளேயே உட்காருங்கள். புல்வெளி பனியில் மூடியிருக்கும்போது மோனல் கீழே மரங்களுக்குள் இறங்கிவிடும்.