எலும்பு ஒட்டுக்குச் சொந்த எலும்பை எடுப்பதானால் முகவாயா, கடைவாயா?

பட்டர்வொர்த் வாசகி:
வணக்கம். அறுபது வயதைக் கடந்த என் அப்பாவுக்கு மேல்வரிசை முன்பல் ஒன்று விழுந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த இடத்தில் எலும்பு மெலிந்துவிட்டதால், இம்பிளாண்ட் எனும் செயற்கைப் பல்வேரைப் பொருத்துவதற்கு முன்பு எலும்பு ஒட்டு வைக்க வேண்டும் என்று ஜார்ஜ் டவுனில் பார்த்த பல் மருத்துவர் சொல்கிறார். அதற்கான துகள் மாட்டெலும்பிலிருந்து தயாரிக்கப்படுவது என்று அறிந்ததும் அப்பா உறுதியாக மறுத்துவிட்டார். அப்படியானால் அவருடைய எலும்பையே முகவாயிலிருந்தோ, கீழ்க் கடைவாயின் பின்புறத்திலிருந்தோ எடுக்கலாம் என்கிறார்கள். எந்த இடம் அவருக்குக் குறைவான தொல்லை தரும்?

கோலாலம்பூர் வாய் அறுவை மருத்துவர்:
சகோதரி, ஒரே ஒரு பல்லுக்கான குறை என்றால் நான் கடைவாயின் பின்புறத்தையே முதலில் பார்ப்பேன். முகவாயில் எலும்பு கூடுதலாகக் கிடைக்கும், கைக்கும் எளிதாக எட்டும். ஆனால் கீழ் முன்பற்களுக்குச் செல்லும் நரம்பிழைகள் அந்த எலும்புக்குள்தான் ஓடுகின்றன என்பதால், அறுவைக்குப் பிறகு அந்தப் பற்கள் பல மாதங்கள் மரத்துப்போனது போல இருப்பதாகச் சொல்பவர்கள் உண்டு, சிலருக்கு அது முழுமையாக நீங்குவதும் இல்லை. வேர் நுனிகளிலிருந்தும், பக்கவாட்டில் நரம்பு வெளிவரும் துளையிலிருந்தும் குறைந்தது 5 மி.மீ. விலகியே வெட்ட வேண்டும் என்ற விதி இதனால்தான் பின்பற்றப்படுகிறது.

கடைவாயின் பின்புறத்தில் கிடைப்பது பெரும்பாலும் கெட்டியான புற எலும்பு. ஏறத்தாழ 3 முதல் 4 மி.மீ. தடிமனுள்ள துண்டு கிடைக்கும்; ஒரு பல்லின் அகலக் குறையை ஈடுசெய்ய அது பொதுவாகப் போதும். கீழுதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு அதன் அருகிலேயே செல்வதால், முப்பரிமாண ஸ்கேன் பார்க்காமல் அங்கே கைவைக்கக் கூடாது. கேளா ஒலி அதிர்வால் வெட்டும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். சுழன்று வெட்டும் பர் என்ற வழக்கமான கருவியைவிட நேரம் பிடிக்கும் என்றாலும், அது எலும்பை வெட்டும்போது நரம்பைச் சிதைக்கும் ஆபத்து குறைவு. எடுத்த துண்டைச் சிறு திருகுகளால் இறுக்கிப் பொருத்தி, பொதுவாக 4 முதல் 6 மாதங்கள் கழித்தே இம்பிளாண்ட் வைப்போம்.

பிறை வாசகர்:
என் மனைவிக்குக் கடைவாயிலிருந்துதான் எடுத்தார்கள். சில நாள் வீக்கமும், வாயை அகலத் திறக்க முடியாத இறுக்கமும் இருந்தன, பிறகு சரியாகிவிட்டது. நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. சொந்த எலும்பு என்று முடிவான பிறகும், அது கரைந்து குறையாமல் இருக்கத் துண்டைச் சுற்றி மாட்டெலும்புத் துகளையே தூவுவதுண்டு. அதன்மேல் போர்த்தும் கொலாஜன் என்ற புரதத்தாலான படலமும் பெரும்பாலும் பன்றியிடமிருந்தோ மாட்டிடமிருந்தோ வருவதுதான். நம் நாட்டில் முஸ்லிம் நோயாளிகளும் இதைக் கேட்பதால், மருத்துவர் தவறாக எண்ண மாட்டார்.

கோலாலம்பூர் வாய் அறுவை மருத்துவர்:
மிகச் சரியாகச் சொன்னீர்கள் ஐயா. துகளுக்குப் பதிலாக டிரைகால்சியம் பாஸ்பேட் போன்ற செயற்கைப் பொருள் உண்டு, படலத்திலும் விலங்குப் பொருள் கலவாத வகைகள் உண்டு. சகோதரி, அப்பா எலும்புத் தேய்மானத்துக்கோ இரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து உட்கொள்கிறாரா, நீரிழிவு கட்டுப்பாட்டில் இருக்கிறதா, புகைபிடிக்கிறாரா என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். எங்கிருந்து எடுப்பது என்பதற்கு முன்னால், எடுக்கலாமா என்பதே அவற்றைப் பொறுத்துத்தான் முடிவாகும்.