எட்டால் வகுக்க மறந்த கதைகள்

சர்வர்_ரூம்
பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொண்டு மாட்டிய கதைகளா? சரி, நானே ஆரம்பித்து வைக்கிறேன். 2009-ல் நடந்தது. சென்னை அலுவலகத்துக்கும் கோவைக் கிளைக்கும் நடுவே 2 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன், அதாவது எங்களுக்கென்றே வாடகைக்கு எடுத்த தனி இணைப்பு. கோவை சர்வரின் 40 ஜிபி பேக்கப் தினமும் ராத்திரி சென்னைக்கு வந்து சேர வேண்டும். நொடிக்கு 2 எம்பி, ஆக 20,000 நொடி, ஐந்தரை மணி நேரம் என்று கணக்குப் போட்டேன். ராத்திரி 10 மணிக்குத் தொடங்கினால் விடிவதற்குள் முடியும் என்று தாளில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு மேனேஜரிடம் கொடுத்துவிட்டேன்.

காலை 9 மணிக்கு வந்து பார்த்தால் கால்வாசிகூடத் தாண்டவில்லை. லைன்காரர்கள் சொன்னது நொடிக்கு 2 மெகா பிட். நான் படித்தது 2 மெகா பைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எட்டால் வகுத்துப் பார்த்தால் மொத்தம் 43 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அது முடிவதற்குள் அடுத்த நாள் பேக்கப்பும் வரிசையில் வந்து நிற்கும்.

கடைசியில் வழி சொன்னது கோவை ஆபீஸ் உதவியாளர்தான். "ஹார்டிஸ்க்கைப் பொட்டலம் கட்டி பஸ்ல போட்டு விடட்டுமா சார்?" என்றார். பஸ்ஸுக்கு 9 மணி நேரம். 40 ஜிபியை 9 மணி நேரத்தில் கொண்டு போனால் ஏறக்குறைய 10 எம்பிபிஎஸ் வருகிறது. நாங்கள் மாதாமாதம் பணம் கட்டிய லைனைவிட ஐந்து மடங்கு வேகம்!

பழைய_எக்ஸ்சேஞ்ச்
நான் தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி சொல்லும் அந்த 2 எம்பிபிஎஸ், எங்கள் பாஷையில் இ1. சரியாகச் சொன்னால் 2.048. கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் இந்த எண்ணைப் பார்த்ததும் 2 × 1024 என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு குரலை நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவுக்கும் 8 பிட் கொடுத்தால் 64,000 பிட். அப்படி 32 பாதைகள். 30-ல் பேச்சு போகும், மீதி 2 ஒத்திசைவுக்கும் சிக்னலுக்கும். 32 × 64,000 = 20,48,000 பிட். எங்களுக்குக் கிலோ என்றால் என்றைக்கும் 1000-தான்.

இதை எட்டால் வகுத்தால் நொடிக்கு 2,56,000 பைட். அதையே 1024-ஐக் கிலோவாகப் பிடிக்கும் கம்ப்யூட்டர் 250 கேபி என்று காட்டும். "மீதி 6 கேபி எங்கே சார்?" என்று ஒரு வாடிக்கையாளர் என்னிடம் எழுத்துப்பூர்வமாகவே புகார் கொடுத்திருக்கிறார்.

மாடி_வீடு
எங்கள் பக்கத்து வீட்டு அங்கிள் 100 எம்பிபிஎஸ் இணைப்பு வாங்கினார். ஏதோ ஒரு ஃபைலை இறக்கும்போது திரையில் 11.2 எம்பி என்று வந்ததைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நூறுன்னு காசு வாங்கிட்டுப் பதினொண்ணு ஊத்துறான் தம்பி, நீயே பாரு."

பிட், பைட் என்று ஆரம்பித்தேன், முகம் சுளித்தார். அவர் அரிசி மண்டி வைத்திருந்தவர் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "அங்கிள், படிக்கு எத்தனை ஆழாக்கு?" "எட்டு." "கம்பெனிக்காரன் ஆழாக்குல சொல்றான், கம்ப்யூட்டர் படியில எண்ணுது." ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்படின்னா பன்னிரண்டரை படி வரணுமே, ஒண்ணேகால் படி எங்கே?"

மனிதர் விடவில்லை. ஃபைலைத் துண்டு துண்டாக, பாக்கெட் பாக்கெட்டாகத்தான் அனுப்புகிறார்கள்; ஒவ்வொரு பாக்கெட்டின் முகப்பிலும் விலாசம் ஒட்டுகிறார்களே, அந்தச் சாக்கு எடையைக் கழித்தால் சுமார் 11.8 என்றேன். விண்டோஸ் 1024-ஐ வைத்து அளப்பதால் அதுவே 11.2 ஆகத் தெரிகிறது என்றும் சொன்னேன். சாக்கு எடையை உடனே ஒத்துக்கொண்டார். 1024 மட்டும் இன்றுவரை அவருக்குக் கள்ளப் படிதான்.

ஈரோடு_கேமரா
எனக்கு இதே தப்பு தலைகீழாக நடந்தது. ஒரு ஜவுளிக்கடைக்கு 8 கேமரா, ஒவ்வொன்றும் 4 எம்பிபிஎஸ். 30 நாள் பதிவு நிற்க வேண்டும் என்றார் முதலாளி. நான் கணக்கே போடாமல் 4 டிபி டிஸ்க் மாட்டினேன், "தாராளமாக நிற்கும் அண்ணா" என்று வாயாலும் சொன்னேன்.

மொத்தம் 32 மெகா பிட், அதாவது நொடிக்கு 4 எம்பி. ஒரு நாளைக்கு 86,400 நொடி. பெருக்கினால் தினம் 345 ஜிபிக்கு மேல். அந்த டிஸ்க் 12 நாள்கூடத் தாங்காது. இரண்டு வாரம் கழித்து ஒரு சேலைக் கட்டு காணாமல் போனது தெரிந்து தேடினால், அந்த நாளின் மேல் புதுப் பதிவு ஓடி முடிந்திருந்தது. 30 நாளுக்கு 10.4 டிபி வேண்டும். 12 டிபிக்கு மாற்றி, விலை வித்தியாசத்தை என் கையிலிருந்து போட்டேன்.

ராக்கோழி
256 கேபிபிஎஸ் காலத்து ஆள் யாராவது இருக்கிறீர்களா? 2004-ல் வந்த கொள்கைப்படி இந்தியாவில் பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள அப்போது அந்த வேகமே போதுமாக இருந்தது. எங்கள் பிளானில் அதிகாலை 2 முதல் 8 வரை கணக்கில்லாமல் இறக்கலாம். ஒரு சிடி அளவுப் படம் 700 எம்பி. லைன் முழு வேகத்தில் ஓடினாலே 6 மணி 22 நிமிடம். கிடைப்பதோ 6 மணி நேரம்! 8 அடிக்கும்போது 94 விழுக்காட்டில் நிறுத்திவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பிய காலைகள் எத்தனையோ.

டெண்டர்_தாள்
தமிழில் எழுதினால் இன்னொரு வம்பு. ஆங்கிலத்தில் சின்ன பி என்றால் பிட், பெரிய பி என்றால் பைட் என்றாவது பிரிக்கலாம். நம் எழுத்தில் ரெண்டும் ஒன்றே. எம்பிபிஎஸ் என்று எழுதினால் டாக்டர் படிப்பும் அதுவே. அதனால் நான் எப்போதும் "நொடிக்கு இத்தனை மெகா பிட்" என்று நீட்டித்தான் எழுதுகிறேன்.

சாட்டா_சங்கதி
எல்லாவற்றையும் எட்டால் வகுத்துவிடாதீர்கள். கம்ப்யூட்டருக்குள் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கம்பி 6 ஜிபிபிஎஸ் என்றால் நொடிக்கு 750 எம்பி அல்ல, 600 எம்பி. அங்கே 8 பிட்டை 10 பிட்டாக மாற்றித்தான் கம்பியில் அனுப்புகிறார்கள். ஆகவே பத்தால் வகுக்க வேண்டும்.

ராக்கோழி
சர்வர் ரூம் அண்ணா, பஸ்ஸில் போன டிஸ்க் ஒருநாள்கூடத் தொலையவில்லையா?

சர்வர்_ரூம்
ஒரே ஒரு முறை. சேலத்திலேயே இறக்கிவிட்டார்கள். கோவையில் மறுபடி ஒரு காப்பி எடுத்து அடுத்த பஸ்ஸில் அனுப்பினார்கள். இணையத்தில் பாக்கெட்டுகளைப் பத்திரமாகச் சேர்க்கும் டிசிபி முறையும், ஒன்று தொலைந்தால் அதைத்தானே செய்கிறது!