மதியம் பதிந்த பேஸும் இரவு வாசிக்கும் லீடும் சுருதி சேரவில்லை

கோத்தகிரியிலிருந்து:
வணக்கம். ஓர் அனலாக் சிந்தசைசரையும் காசெட்டில் இயங்கும் பழைய நான்கு தட ரெக்கார்டரையும் வைத்துக்கொண்டு, கணினியே இல்லாமல் மின்னணு இசை அமைத்துவருகிறேன். மதியம் முதல் தடத்தில் பதிந்த பேஸின் (தாழ்ந்த சுருதிப் பகுதி) மேல், பனி இறங்கியபின் இரண்டாம் தடத்தில் லீடு (முதன்மை மெட்டு) வாசித்தால், இரண்டும் சுருதி சேராமல் அலையடிக்கின்றன. குளிரில் சிந்தசைசர்தான் விலகுகிறது என்று நினைக்கிறேன். அறையில் ஹீட்டர் வைப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

குன்னூரிலிருந்து:
ஐயா, ஒலியலையை உருவாக்கும் அனலாக் ஆசிலேட்டரிலுள்ள டிரான்சிஸ்டர்கள் வெப்பநிலைக்கேற்ப மாறுவதால், அரை மணி நேரம் ஓடவிட்டபின் சுருதி சேர்ப்பது நம் மலையில் கட்டாயம். 1984இல் வந்த ரோலண்ட் ஜூனோ-106 போன்றவற்றில் சுருதியை டிஜிட்டல் கடிகாரம் கட்டுப்படுத்துவதால் இந்தத் தொல்லை இல்லை.

கொடைக்கானலிலிருந்து:
அது சரிதான், ஆனால் நாடாவை யாரும் சந்தேகிக்கவில்லையே! கைப்பேசி டியூனரிலிருந்து 440 ஹெர்ட்ஸ் ஒலியை மதியம் நான்காம் தடத்தில் ஒரு நிமிடம் பதிந்து, இரவில் ஓடவிட்டு அதே டியூனரில் பாருங்கள். 440 காட்டினால் தவறு சிந்தசைசருடையது. குறைந்தால் நாடா மெதுவாக ஓடுகிறது. வேகம் ஒரு சதவீதம் குறைந்தாலே சுருதி சுமார் 17 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) இறங்கிவிடும். மோட்டாரின் வேகத்தை சர்வோ சுற்று காத்துக்கொள்ளும். ஆனால் குளிரில் கிரீஸ் இறுகி, தளர்ந்த ரப்பர் பெல்ட் வழுக்கினால் அது அந்தச் சுற்றுக்குத் தெரியாது. வீட்டிலிருக்கும் பாட்டு காசெட்டைப் போட்டுச் சோதிக்க வேண்டாம். 1979இல் வந்த டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ 144 போன்ற கருவிகள் வழக்கமான வேகத்தின் இரு மடங்கில், நொடிக்கு 9.5 செ.மீ. ஓடுபவை, பாட்டு ஒரு ஸ்தாயி ஏறிவிடும், போதாதற்கு மறுபக்கப் பாட்டும் தலைகீழாகக் கூடவே ஒலிக்கும்.

கோத்தகிரியிலிருந்து:
நன்றி ஐயா. நேற்று இரவு டியூனர் 437 காட்டியது, அதாவது ஏறக்குறைய 12 சென்ட் குறைவு. மூன்று வாரமாக சிந்தசைசரை வீணாகத் திட்டியிருக்கிறேன். மூடியைத் திறந்து பெல்ட்டைத் தொட்டபோது விரலில் கண்மை போல அப்பிக்கொண்டது. புது பெல்ட் வரும்வரை, இரவில் முதலில் அந்த ஒலியை ஓடவிட்டு, டியூனர் 440 காட்டும்வரை ரெக்கார்டரில் நாடாவின் வேகத்தை மாற்றும் பிட்ச் குமிழைத் திருப்பிய பிறகே லீடு வாசிக்கிறேன்.