எண்ணூர்ப் பக்கம் ராத்திரியில் பார்க்க எந்த தெர்மல் வாங்கலாம்?

வணக்கம் மக்களே. எண்ணூர் கழிமுகத்தில் ராத்திரி இரை தேடும் வக்கா (இராக்கொக்கு), புதரோரம் திரியும் மரநாய் இதையெல்லாம் பார்க்க ஒரு தெர்மல் மோனாகுலர், அதாவது உடல் சூட்டை வைத்து இருட்டிலும் உருவம் காட்டும் ஒற்றைக்கண் கருவி, வேண்டும். தேடினால் வருவதெல்லாம் டெக்சாஸ்காரர்கள் காட்டுப்பன்றி சுடத் துப்பாக்கியில் மாட்டும் ஸ்கோப் ஒப்பீடுதான். இங்கே வேட்டை 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், எனக்குக் கையில் பிடித்துப் பார்த்தாலே போதும் சாமி.

இரண்டு மாடல் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 256x192 பிக்சல் சென்சார், 10 மி.மீ. லென்ஸ்; இன்னொன்று 384x288, 35 மி.மீ. இரண்டிலும் ஒரு பிக்சலின் அளவு 12 மைக்ரான். பெரியதில் உருவம் தெளிவு, ஆனால் 100 மீட்டர் தூரத்தில் சுமார் 13 மீட்டர் அகலம்தான் தெரியும், பறக்கிற பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது மணலிக்கே போய்விடும். சின்னதில் அதே தூரத்தில் 30 மீட்டர் அகலம் வரை தெரியும், வக்காவா பூனையா என்றுதான் சொல்ல முடியாது. அட்டைப்பெட்டியில் எவ்வளவு தூரம் தெரியும் என்று போடுகிற கிலோமீட்டர் கணக்கெல்லாம் ஏதோ சூடாக நிற்கிறது என்று காட்டுவதற்குத்தான்.

அப்புறம் நம்ம ஊர் புழுக்கம். கடற்காற்றில் ஈரம் ஏறினால் படம் வெளுத்துவிடுமே, 25 மில்லிகெல்வினுக்குக் கீழே உணர்திறன் (எவ்வளவு சின்ன வெப்ப வித்தியாசம் வரை பிரித்துக் காட்டும் என்ற அளவு, குறைந்தால் நல்லது) இருந்தால் கொஞ்சமாவது தேறுமா? காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கம் பயன்படுத்தியவர்கள் மே மாத ராத்திரி வீடியோ இருந்தால் போடுங்களேன்.