தூக்கிப் போட்ட இயர்போனும் தம்பியின் காதும்

விலை குறைந்த இயர்போனில் பாஸ், அதாவது கனமான ஒலி, இருக்காது என்பது என் நெடுநாள் தீர்ப்பு. போன வருடம் வாங்கிய ஒன்றும் அதை உறுதிசெய்தது. பெட்டியைப் பிரித்த கையோடு காதில் மாட்டினேன். தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து யாரோ பாடுகிற மாதிரி இருந்தது. மிருதங்கத்தில் வலந்தலை மட்டும் 'டிக் டிக்' என்று கேட்டது. கனமாக ஒலிக்கும் தொப்பிப் பக்கம் என்று ஒன்று இருப்பதற்கான அடையாளமே இல்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி அதை எடுத்து மாட்டிக்கொண்டு, "அண்ணே, இவ்வளவு நல்லா கேக்குது, ஏன் சும்மா போட்டிருக்க?" என்றான். கிண்டல் பண்ணுகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் செய்தது ஒரே ஒரு காரியம். பெட்டியில் கூடவே வந்த சின்ன உறையைக் கிழித்து, காதுக்குள் நுழையும் முனைக்கு அதிலிருந்த பெரிய ரப்பரை மாற்றிப் போட்டிருந்தான். நான் அந்த உறையைத் தொட்டதுகூட இல்லை.

பிடுங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் தொப்பி 'தொம்' என்று விழுந்தது. வலது பக்கம் அதே பழைய தகரம். கழற்றிப் பார்த்தால், பெரிய ரப்பர் அந்தக் காதுக்குள் மடங்கி ஓரத்தில் ஒரு சுருக்கம் விழுந்திருந்தது. அந்தச் சுருக்கத்தின் வழியாகத்தான் பாஸ் வெளியே போய்க்கொண்டிருந்தது. வலதுக்கு மட்டும் நடுத்தர ரப்பரைப் போட்டதும் இரண்டு பக்கமும் சமமாயின. என் இரண்டு காதுத் துளைகளும் ஒரே அளவில்லை என்பது இத்தனை வயதுக்கு அப்புறம்தான் எனக்கே தெரிந்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. காதுக்குள் இருக்கும் கொஞ்சூண்டு காற்றை அந்தக் குட்டி ஸ்பீக்கர் அழுத்தித் தள்ள வேண்டும். இடம் மூடியிருந்தால்தான் கனமான ஒலிகளுக்கு அழுத்தம் சேரும். ஊசி நுழையும் அளவு இடைவெளி இருந்தாலும் முதலில் காணாமல் போவது அதுதான். கீச்சென்ற ஒலிகளுக்கு அந்தக் கவலை இல்லை, அவை எப்படியும் வந்துவிடும். அதனால்தான் ரப்பர் பொருந்தாத எந்த இயர்போனும் தகரமாகக் கேட்கிறது.

இப்போது எதை வாங்கினாலும் முதலில் இதைத்தான் செய்கிறேன். பாஸ் நிறைய உள்ள ஒரு பாட்டை ஓடவிட்டு, மாட்டிய இயர்போனை விரல் நுனியால் மெல்ல உள்ளே அழுத்துவேன். அழுத்தும்போது பாஸ் கூடினால் ரப்பர் அடைக்கவில்லை என்று அர்த்தம். மாட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், நடுவில் வளைவு. எதிர்ப்பக்கக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் வளைவு நிமிரும். அப்போது நுழைத்து, பிறகு மடலை விட வேண்டும். பார்ப்பவர்கள் ஏதோ தோப்புக்கரணத்துக்குத் தயாராகிறான் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.

ரப்பர் சரியான பிறகுதான் ஒலியைப் பற்றிப் பேசவே வேண்டும். அதிலும் நான் நிறைய ஏமாந்திருக்கிறேன். இரண்டு இயர்போன்களை மாற்றி மாற்றிக் கேட்டால், சத்தம் கொஞ்சம் கூடுதலாக உள்ளதுதான் நன்றாக இருக்கிறது என்று காது சாதிக்கும். சத்தம் குறையும்போது நடுத்தர ஒலிகளைவிடக் கனமான ஒலிகளுக்கு நம் காது சீக்கிரம் மந்தமாகிவிடுகிறது. ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். ஆகவே இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் அது ஒலிப் பரீட்சை இல்லை, வால்யூம் பரீட்சை.

பாட்டைவிட நான் அதிகம் நம்புவது பேச்சை. தெளிவான உச்சரிப்பு உள்ள ஒருவர் வாசிக்கும் பதிவைப் போட்டு, ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் காதில் விழுகின்றனவா என்று பார்ப்பேன். பாஸை அள்ளிக் கொட்டி நடுப்பகுதியை அமுக்கிய செட்டில் 'பழம்' 'பளம்' ஆகிவிடும். அடுத்தது ஸ, ஷ. ட்ரெபிளை, அதாவது கீச்சென்ற ஒலிகளை, தூக்கிவிட்ட செட்டில் ஒவ்வொரு 'ஸ்'ஸும் ஊசி மாதிரி குத்தும். கடையில் ஐந்து நிமிடம் கேட்கும்போது அது 'பளிச்'சென்று இருப்பதாகத் தோன்றும். ஒரு மணி நேரம் கேட்டால்தான் வேதனை புரியும்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்களை நான் படிப்பதையே விட்டுவிட்டேன். 40,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்குமாம். மனிதக் காதின் எல்லை 20,000. வயதாக ஆக அதுவும் இறங்கிக்கொண்டே வரும். ஒரு பக்கத்துக்கு நான்கு டிரைவர் (உள்ளே இருக்கும் குட்டி ஸ்பீக்கர்), ஐந்து டிரைவர் என்பதும் அப்படித்தான். நன்றாக ட்யூன் செய்த ஒற்றை டிரைவர், அவசரமாக ஒட்டிய ஐந்தைவிட எவ்வளவோ மேல். விலையும் இதில் பெரிய சாட்சி இல்லை. ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 2017-ல் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து ஆராய்ந்தார். விலைக்கும், எந்த ஒலி எவ்வளவு தூக்கலாக வருகிறது என்பதற்கும் தொடர்பே கிடைக்கவில்லை. அதைப் படித்தபோது, இழுப்பறையில் கிடந்த என் செட்டிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று தோன்றியது.

* * *

மேலே எழுதிய நண்பருக்கு மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போனது. எனக்குப் பாடகரே காணாமல் போனார்.

நான்கு மாதம் நன்றாக உழைத்த செட். ஒரு நாள் காலையில் பாட்டைப் போட்டால் வயலின் இருக்கிறது, கோரஸ் இருக்கிறது, தூரத்தில் எதிரொலி மாதிரி ஏதோ இருக்கிறது, பாடுகிறவரை மட்டும் காணோம். பாட்டை மாற்றினேன், அதிலும் அதே கதை. செட் போச்சு என்று முடிவுகட்டி, வாங்கிய இடத்துக்குத் திருப்பி அனுப்பப் பெட்டியைக்கூடத் தேடி எடுத்துவிட்டேன். கடைசியாக ஒரு நப்பாசையில் மடிக்கணினியில் செருகினேன். பாடகர் உயிரோடு இருந்தார்!

கோளாறு போனில் இயர்போனைச் செருகும் ஜாக் துளையில். சட்டைப் பையின் பஞ்சு நாள்கணக்கில் உள்ளே சேர்ந்து, இயர்போன் ஒயரின் முனையில் உள்ள பின்னைச் செருகச் செருக அடியில் போய் இறுகியிருந்தது. அதனால் பின் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றது. இரண்டு காதுக்கும் பொதுவாகத் திரும்பிப் போகும் ஒயரின் தொடர்பு அதில் விட்டுப்போனது. அப்படி ஆனால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் கேட்கும். பாடகரின் குரலை வழக்கமாக இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் பதிவுசெய்வார்கள். ஒன்றிலிருந்து ஒன்று கழிந்தால் மிச்சம் பூஜ்யம்.

போனை அணைத்துவிட்டு, மரப் பல்குத்தியால் மெதுவாகச் சுரண்டினேன். உளுந்தளவு பஞ்சு உருண்டை வெளியே வந்தது. உலோக ஊசி வேண்டாம், உள்ளே இருக்கும் தகடுகள் வளைந்துவிடும்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. மைக் வைத்த இயர்போனின் பின்னில் நான்கு உலோகத் தொடர்புப் பகுதிகள். கடைசி இரண்டில் எது மைக், எது தரை இணைப்பு (மேலே சொன்ன பொதுவான ஒயர்) என்பதற்கு முன்பு இரண்டு வழக்கங்கள் இருந்தன. பழைய போன் ஒரு வழக்கம், புதிய இயர்போன் இன்னொரு வழக்கம் என்றால் குரல் மறையும். மைக் பொத்தானை அமுக்கிப் பிடித்தால் குரல் திரும்பி வரும், விட்டால் போய்விடும். அப்படி ஆனால் செட்டின் மேல் குற்றமில்லை, ஜோடிப் பொருத்தம்தான் இல்லை.

* * *

நீங்கள் இருவரும் ஒலியைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குவது என் வேலை. ஒரு நாளில் ஆறு ஏழு மணி நேரம் காதில் ஏதாவது அடைத்திருக்கும். அரை மணி நேரத்தில் சொர்க்கமாக இருந்த எத்தனையோ செட்டுகள் மூன்றாவது மணி நேரத்தில் கழுத்தைப் பிடித்திருக்கின்றன.

வலி எங்கே வருகிறது என்று கவனித்தால் பாதிப் பிரச்சினை தீரும். துளைக்குள் வலித்தால் ரப்பர் பெரிது, ஒரு அளவு குறைக்கலாம். வெளிக்குழியில், மடலின் மடிப்பை ஒட்டி ஒரே புள்ளியில் வலித்தால் இயர்போன் கூட்டின் ஓரம் அழுத்துகிறது. அதற்கு எந்த ரப்பரும் மருந்தில்லை. அழகுக்காகக் கோணம் கோணமாக வெட்டிய உலோகக் கூடு ஒன்று என்னிடம் இருந்தது. பார்க்க நகை மாதிரி இருக்கும். மாலையில் கழற்றினால் காதில் சிவப்பாக ஒரு அரைவட்டம். இப்போது உருண்டையான, எடை குறைந்த பிளாஸ்டிக் கூடுதான் என் தேர்வு.

பஞ்சு ரப்பர், அதாவது நசுக்கி நுழைத்தால் உள்ளே விரிந்து கொடுப்பது, எனக்குப் பெரிய நிம்மதி. வெளிச்சத்தம் நன்றாகக் குறையும், அதனால் வால்யூமும் குறையும். ட்ரெபிள் சற்று மழுங்கும், 'ஸ்' குத்தும் செட்டுக்கு அது நல்லதே. ஆனால் சில மாதங்களில் அது விரிகிற குணத்தை இழந்து கல் மாதிரி ஆகிவிடும். மாற்றாமல் இழுத்தடித்தேன். ஒரு நாள் கழற்றும்போது இயர்போன் கையோடு வந்தது, ரப்பர் காதுக்குள்ளேயே தங்கிவிட்டது. பதற்றத்தில் விரலை விட்டு இன்னும் உள்ளே தள்ளியது நான் செய்த மகா புத்திசாலித்தனம். மருத்துவர் இடுக்கியால் எடுக்கப் பத்து விநாடிதான் ஆனது. அந்தப் பத்து விநாடிக்காக அரை நாள் காத்திருந்தேன். இப்போது மாட்டும் முன் ரப்பரை ஒரு முறை லேசாக இழுத்துப் பார்க்காமல் காதில் வைப்பதில்லை.

முதன்முதலாகக் காதை அடைக்கும் செட் வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நடக்கும்போது உங்கள் காலடியே மண்டைக்குள் 'தம் தம்' என்று இடிக்கும். முறுக்கு கடித்தால் கட்டடம் இடிவது போலிருக்கும். எலும்பு வழியாக வரும் ஒலி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்பதால் வரும் விளைவு அது, செட்டின் பழுது இல்லை. ஒயர் சட்டையில் உரசும் 'கரகர'ப்பு வேறு கதை. ஒயரைக் காது மடலுக்கு மேலாகச் சுற்றி முதுகுப் பக்கம் விட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வால்யூம் விஷயத்தில் மட்டும் நான் கறார். பெரியவர்களுக்கு 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. என் வேலை நேரமே அந்த 40-ஐத் தொட்டுவிடுகிறது. பாட்டுக்கு என்று தனியாக மிச்சம் எதுவும் இல்லை.

* * *

என் பங்குக்கும் ஒன்று, நான் நான்காவது ஆள். ஓடும்போது மாட்ட ஒயரில்லாத ஜோடி ஒன்று வைத்திருந்தேன். ஐபிஎக்ஸ்4 என்று நீர் தாங்கும் தர எண் போட்டிருந்ததை நம்பி, ஓடி முடித்த கையோடு வியர்வை சொட்டச் சொட்ட அப்படியே சார்ஜ் ஏற்றும் கேஸுக்குள் போட்டு மூடுவேன். அந்த எண் சொல்வது, எந்தத் திசையிலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பதை மட்டுமே. சோதிப்பது நல்ல தண்ணீரில். வியர்வையின் உப்பு அந்தக் கணக்கில் இல்லை, என் கேஸும் அதில் சேர்த்தி இல்லை. சார்ஜ் ஏறும் பித்தளை நிறப் புள்ளிகளில் பச்சை பூத்து, வலது பக்கம் ஏற மறுத்தது. துடைத்து ஓட்டினேன். இரண்டு வருடத்தில் பேட்டரி முக்கால் மணி நேரத்துக்கு வந்துவிட்டது. உள்ளே இருக்கும் அந்தக் குட்டி பேட்டரியை மாற்றவும் வழியில்லை, கூட்டைத் திறக்க முடியாதபடி ஒட்டியிருக்கிறார்கள். மறுபடியும் ஒயருக்கே வந்துவிட்டேன்.

* * *

தம்பி கதையை எழுதியவன்தான் மறுபடியும். ஒயரைப் பற்றி நான் முதலில் எழுதாமல் விட்டதை இப்போது சேர்த்துவிடுகிறேன். என் கையில் செத்த செட்டுகளில் ஸ்பீக்கர் போய்ச் செத்தது ஒன்றுகூட இல்லை. எல்லாமே ஒயர், அதிலும் பின்னை ஒட்டிய முதல் இரண்டு விரற்கடை. ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்கும், பின்னைத் திருகிப் பிடித்தால் சரியாகும், ஒரு வாரத்தில் அதுவும் நிற்கும். போனைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றிப் பைக்குள் திணிப்பதுதான் காரணம். வளையம் வளையமாகத் தளரச் சுருட்டிச் சின்ன டப்பாவில் போட ஆரம்பித்த பிறகு ஒன்றுகூடச் சாகவில்லை. குறைந்த விலையிலேயே கழற்றி மாட்டும் ஒயருள்ளவை இப்போது கிடைக்கின்றன. ஒயரை இயர்போனில் மாட்டும் 0.78 மில்லிமீட்டர் இரட்டை ஊசி முனை பரவலாக இருப்பதால் மாற்று ஒயர் தேடி அலைய வேண்டியதில்லை.

ஒரு பக்கம் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தால் ஒயரைச் சந்தேகிக்கும் முன் ரப்பரைக் கழற்றி, ஒலி வரும் முனையில் உள்ள சின்ன வலையைப் பாருங்கள். என்னுடையதில் காது அழுக்கு மஞ்சள் மெழுகாக அடைத்திருந்தது. வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, உலர்ந்த பல்துலக்கியால் தட்டித் தட்டித் துடைத்தேன். மேல்நோக்கிப் பிடித்துத் துடைத்தால் அழுக்கு உள்ளேதான் போகும்.

தம்பி என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அந்தச் செட் அவனிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கேட்டேன். "உனக்குத்தான் ஒரு காது பெருசு, ஒரு காது சிறுசு, உனக்கு எதுக்கு?" என்கிறான்.